சாக்கடைக்கு உண்டு, கிணற்றுக்கு இல்லையா? நிலத்தடி நீரைக் கண்காணிப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் நீர்வளத் துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மதுரை மாவட்டத்தில் நீங்கள் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் கிணறுகளில் சிலவற்றிலாவது, வழக்கமான வேதியியல் சோதனையோடு, உயிரிகளை வைத்துச் செய்யும் நச்சுச் சோதனையையும் சேர்க்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் வேண்டாம். மாதா மாதமும் வேண்டாம். சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு தடவை செய்தால் போதும்.

புதிதாக ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தச் சோதனை நம் சட்டத்தில் ஏறி வெகு காலம் ஆகிறது. என்ன, கிணற்றுக்காக ஏறவில்லை, சாக்கடைக்காக ஏறியது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், கழிவுநீரை வெளியே விடுவதற்கான பொதுத் தரங்களைச் சொல்லும் ஆறாவது அட்டவணையைப் பாருங்கள். எதுவும் கலந்து நீர்க்காத கழிவுநீரில் மீன்களை விட்டால், 96 மணி நேரம் கழித்தும் அவற்றில் 90 சதவீதம் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆற்றில் விட்டாலும், பொதுச் சாக்கடையில் விட்டாலும், பாசனத்துக்கு வயலில் பாய்ச்சினாலும் இதே விதிதான். சோதனையை எப்படிச் செய்வது என்பதற்கு ஐ.எஸ். 6582 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது.

சரி, பாசனத்துக்குப் பாய்ச்சிய அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? கொஞ்சம் ஆவியாகிறது, கொஞ்சத்தைப் பயிர் குடிக்கிறது, மீதி மண்ணுக்குள் இறங்குகிறது. குழாய் வாயில் நிற்கும்போது ‘இதில் மீன் பிழைக்குமா?’ என்று கேட்ட சட்டம், அதே நீர் மண்ணுக்குள் போய்ப் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் ஊறி வரும்போது வாயைத் திறப்பதில்லை. இத்தனைக்கும் சாக்கடையை யாரும் குடிப்பதில்லை. கிணற்றைக் குடிக்கிறோம்.

கிணற்றுத் தண்ணீரை நாம் எதை வைத்து எடைபோடுகிறோம்? குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தின் 2012 பதிப்பை வைத்து. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். புளோரைடு 1, கதியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகை கிடையாது. அப்புறம் கடினத்தன்மை, உலோகங்கள், கிருமிகள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கு மட்டும் தனி அட்டவணை, 18 வரிகள். டி.டி.டி., ஆல்டிரின், எண்டோசல்பான், மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. பாதிப் பேர் பழைய ஆட்கள். எண்டோசல்பானை 2011இலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இன்று உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ ஒரு பூச்சிமருந்துக் கடை வாசலில் நின்று பாருங்கள். விவசாயி வாங்கிப் போவது இமிடாகுளோப்ரிட், புரொபனோபாஸ், எமாமெக்டின். இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த 18 வரிகளில் இல்லை. இல்லாத பெயரை ஆய்வகம் தேடாது, தேடாதது அறிக்கையில் வராது. அறிக்கையில் வராததை நாம் ‘இல்லை’ என்று படித்துக்கொள்கிறோம்.

பட்டியலை நீட்டினால் சரியாகிவிடுமா? ஓரளவுக்குத்தான். சாயப் பொருள்கள், அவை சிதைந்து உண்டாகும் பொருள்கள், மருந்து மாத்திரை எச்சங்கள், பிளாஸ்டிக்கில் சேர்க்கும் சாமான்கள் என்று ஒவ்வொன்றையும் தேடிப் போனால் செலவு தாங்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் எல்லாமே நரம்பு மண்டலத்தில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. அவற்றில் ஐந்து வகை ஒரு கிணற்றில் ஆளுக்குக் கொஞ்சம் கலந்திருந்தால், அறிக்கையில் ஐந்துக்கும் நேரே ‘வரம்புக்குள்’ என்று இருக்கும். ஆனால் அந்த நொதி ஐந்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்தும் சேர்ந்த மொத்தச் சுமைதான் அதன் மேல் விழுகிறது. மளிகைச் சீட்டில் ஒவ்வொரு சாமானையும் சரிபார்ப்பது ஒரு வேலை, கொதித்த குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பது வேறு வேலை. நாம் இதுவரை சீட்டை மட்டும்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் நம் பாறை. வைகைக் கரையோரப் படிவு மணலை விட்டுவிட்டால் மாவட்டம் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்று கெட்டிப் பாறைதான். மேலே கொஞ்சம் சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக ஓடும், அதோடு கலந்ததும் அதே வழியில் ஓடும். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் போரில் நல்ல தண்ணீரும் அடுத்த வீட்டுப் போரில் உப்புத் தண்ணீரும் வருவது மதுரைக்காரர் எவருக்கும் புதுச் செய்தி அல்ல. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் சராசரியை வைத்து ஒரு வட்டாரத்தையே ‘பரவாயில்லை’ என்று சொல்வது இந்த மண்ணில் செல்லாது. எந்தக் கிணறு என்பதுதான் இங்கே பேச்சு.

எந்தக் கிணறு என்று என்னைக் கேட்டால் முதலில் வெள்ளக்கல்லைச் சொல்வேன். நகரத்துக் குப்பை மலையாகக் கிடக்கும் இடம். குப்பையில் மழை இறங்கினால் ஊறிவரும் கறுப்புத் தண்ணீரில் அம்மோனியா முதல் உலோகங்கள், பீனால்கள் வரை எதுவும் இருக்கலாம். பக்கத்திலேயே அவனியாபுரம். கழிவுநீரில் மாட்டுப்புல் வளர்ந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்தது கிருதுமால். ஒரு காலத்தில் நதி, இப்போது நகரத்துக்குள் சாக்கடை. அதன் இரு கரையிலும் வீட்டுப் போர்கள் வரிசையாக இருக்கின்றன. செல்லூர்ப் பக்கம் நெசவோடு சாயமும் நீண்ட காலம் இருந்த தெருக்கள், கப்பலூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்கள், அப்புறம் மல்லிகைத் தோட்டங்கள்.

மல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம், நியாயம்தான். ஆனால் மொட்டுப் புழு விழுந்தால் அன்றைய பறிப்பே போச்சு என்பதால் மருந்தடிப்பு ஓயாத பயிர் அது. அடிப்பவரும் அந்தத் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில்தான் மருந்தைக் கலக்குகிறார், தெளிப்பானைக் கிணற்று மேட்டிலேயே கழுவுகிறார். உணவுப் பயிர் இல்லை என்பதால் எச்சத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கிணற்றுக்கு அது உணவுப் பயிரா பூப்பயிரா என்று தெரியாது.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே அப்படி மல்லி போட்டிருக்கும் ஒருவர், என்னிடம் படித்த மாணவனின் அப்பா, ஒரு நாள் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காசு கட்டித் தனியார் ஆய்வகம் ஒன்றில் வாங்கியது. எல்லா வரியிலும் ‘வரம்புக்குள்’. “எல்லாம் சரின்னு போட்டுருக்காங்க சார். அப்புறம் தொட்டியில விட்ட மீன் ஏன் சார் மறுநாளே செத்து மிதக்குது?” என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் என் கோரிக்கையே அதில்தான் இருக்கிறது. மீன் செத்தது நஞ்சால் என்று நான் சொல்லவில்லை. ஆழத்திலிருந்து அப்போதுதான் ஏறிய போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், கரியமில வாயு நிறைய இருக்கும். சில இடங்களில் கரைந்த இரும்பும் வரும், காற்றுப் பட்டதும் அது துருவாக மாறி மீனின் செவுளில் படியும். ஒரு நாள் காற்று படவிட்டுத்தான் மீனை விட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் அந்த மீன் மூச்சுத் திணறியும் செத்திருக்கலாம், மருந்தாலும் செத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் முறையான சோதனை வேண்டும். மாவட்டத்தில் ஒரு விவசாயி அதைக் கேட்டுப் போய் நிற்க ஒரு கவுன்டர் கிடையாது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முறையான சோதனை என்றால் என்ன? முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் பாடம் எடுத்தவன், கொஞ்சம் விரிவாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டாஃப்னியா என்று ஓர் உயிரி. தண்ணீர்த் தெள்ளு என்று சொல்லலாம், ஆனால் தெள்ளுப்பூச்சிக்கும் அதற்கும் உறவில்லை, இறால் நண்டு குடும்பத்தில் மிகச் சிறியது. உடல் முழுக்க ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் வைத்தால் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பது தெரியும், தின்ற பாசி குடலில் பச்சையாக நிற்பது தெரியும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குட்டிகளை எடுக்க வேண்டும். சோதிக்கும் தண்ணீரை அப்படியே ஒரு பங்கு, பாதியாக நீர்த்து ஒரு பங்கு, கால், அரைக்கால் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் 20 குட்டிகள், கண்ணாடிக் குவளைக்கு ஐந்தாக. தீனி கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாத குட்டி ‘முடங்கியது’ என்று கணக்கில் ஏறும், உணர்கொம்பை லேசாக ஆட்டினாலும் சரி. ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைக்கும் நல்ல தண்ணீர்க் குவளையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முடங்கினால் அந்தச் சோதனையையே தள்ளிவிட வேண்டும். குட்டிகள் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற நச்சு உப்பை வைத்து அவ்வப்போது சோதிப்பார்கள். 24 மணி நேரத்தில் பாதிக் குட்டிகளை முடக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் வளர்ப்பில் கோளாறு. இவ்வளவு கறாராகச் செய்யும் சோதனையைத் தொட்டி மீன் கதையோடு யாரும் குழப்பக்கூடாது.

டாஃப்னியா ஒன்றே போதும் என்று யாராவது உங்களுக்கு விற்க வந்தால் நம்பாதீர்கள். குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து என்றால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேவையில்லை, முடங்கிவிடும். ஆனால் இமிடாகுளோப்ரிட்டுக்கு அது ஆச்சரியப்படும்படி தாக்குப்பிடிக்கும். கலர் மீன் கடைகளில் பிளட் வார்ம் என்று விற்கும் கைரோனோமஸ் புழு அதே மருந்துக்கு மிகச் சிறிய அளவிலேயே விழுந்துவிடும். களைக்கொல்லியைக் கண்டுபிடிக்கப் பாசி வேண்டும், 72 மணி நேரத்தில் அது எவ்வளவு பெருகுகிறது என்று பார்ப்பார்கள். இவற்றோடு ஒளிரும் பாக்டீரியா. ஐ.எஸ்.ஓ. 11348 என்ற முறை, நஞ்சு பட்டால் பாக்டீரியாவின் ஒளி மங்கும், 15 முதல் 30 நிமிடத்தில் விடை வந்துவிடும். நம் ஊருக்கு அதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. அது கடல் பாக்டீரியா, இரண்டு சதவீத உப்பில் வைத்துத்தான் சோதிப்பார்கள். நம் போர்த் தண்ணீரின் உப்பு அதை ஒன்றும் செய்யாது.

உப்புதான் இங்கே பெரிய தலைவலி. டாஃப்னியாவின் சின்ன உறவான செரியோடாஃப்னியா, லிட்டருக்கு இரண்டு கிராம் சாப்பாட்டு உப்பிலேயே பாதிக்குப் பாதி செத்துவிடும். மேலூர், திருமங்கலம் பக்கத்தில் சில போர்களின் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். அங்கே உயிரி செத்தால் ‘நஞ்சு’ என்று எழுதிவிட முடியாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டாவதாக ஓர் ஒப்பீட்டுக் குவளை வேண்டும். அந்தக் கிணற்றில் உள்ள அதே உப்புகளை அதே அளவில் சுத்தமான நீரில் கரைத்து வைக்க வேண்டும். அதில் பிழைத்து, கிணற்று நீரில் மட்டும் செத்தால், அப்போது பேசலாம். இந்த ஒரு குவளையை விட்டுவிட்டால் மாவட்டத்தில் பாதிக் கிணறுகள் நஞ்சு என்று தலைப்புச் செய்தி வரும், அடுத்த வாரமே திட்டத்தை மூடிவிடுவீர்கள்.

மாதிரி எடுக்கும் ஊழியர்களுக்கும் இரண்டு வார்த்தை. உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலை இதற்குக் கொடுக்கக்கூடாது, அமிலமே உயிரியைக் கொன்றுவிடும். தனியாகக் கண்ணாடி பாட்டில், விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடிய சீக்கிரம் ஆய்வகம் சேர வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடித்தால் குளோரின் இருக்கும், அதுவும் கொல்லும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தேங்கிய நீர் போனபின் பிடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், தெரிந்தும் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதும் உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டு நெறிமுறையில் உள்ள டாஃப்னியா மாக்னா 20 டிகிரிக் குளிரில் வாழும் இனம். மே மாதம் மதுரையில் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் வளர்ப்பே காலி. நம் கண்மாய்களில் இருக்கும் மொய்னா மைக்ரூரா, செரியோடாஃப்னியா கார்னூட்டா போன்றவை நம் வெயிலுக்குப் பழகியவை. கலர் மீன் வளர்ப்பவர்கள் மொய்னாவைத் தொட்டி தொட்டியாக வளர்த்துக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடுகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் கைப்பக்குவம் நம் ஆய்வகங்களுக்கு வர நாளாகாது. ஆய்வகங்களில் வளர்க்கும் ஸீப்ரா மீனை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். மீன்தான் வேண்டுமென்றால் அதன் முட்டையை வைத்துச் செய்யும் முறை 2013இலேயே பன்னாட்டு நெறிமுறையாகிவிட்டது. வளர்ந்த மீனைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சரி, ஒரு கிணற்றில் உயிரி முடங்கிவிட்டது, அடுத்து என்ன? என்னைக் கேட்டால் இந்த வேலையில் சுவாரசியமான இடமே இதுதான். அதே தண்ணீரைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் செய்து மறுபடி உயிரியை விட வேண்டும். ஒரு பங்கில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அது செம்பு, துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக் கட்டிப்போடும். உயிரி பிழைத்தால் குற்றவாளி உலோகம். இன்னொரு பங்கைக் கரிமப் பொருள்களை உறிஞ்சும் வடிகட்டி வழியே விட்டுப் பிழைத்தால், குற்றவாளி மருந்தோ சாயமோ எண்ணெயோ. அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் சியோலைட் என்ற கனிமத்தில் ஓடவிட்டுப் பிழைத்தால் அம்மோனியா, அதாவது குப்பை அல்லது கழிவுநீர்ப் பக்கம் கை நீள்கிறது. குளோரினை முறிக்கும் தயோசல்பேட் விட்டுப் பிழைத்தால் குளோரின். பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்று ஒன்று உண்டு. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் உயிரியின் உடலுக்குள் போய் மாறிய பிறகுதான் கடும் நஞ்சாகின்றன. இது அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. இதைச் சேர்த்ததும் உயிரி பிழைத்தால் ஆர்கனோபாஸ்பரஸ் என்று யூகிக்கலாம். மாறாகச் சாவு கூடினால் பைரித்ராய்டு என்ற இன்னொரு பூச்சிமருந்து வகையைச் சந்தேகிக்க வேண்டும். இப்படிச் சுருக்கிக்கொண்டு வந்தபின் விலை உயர்ந்த கருவிக்கு அனுப்பினால், ஆயிரம் பெயரைத் தேட வேண்டியதில்லை, பத்துப் பெயரைத் தேடினால் போதும். உயிரிச் சோதனை கூடுதல் செலவு என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இதன் போதாமைகளையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் பின்வாங்குவதற்கு முன்னால். உயிரிச் சோதனை வேதியியல் சோதனைக்கு மாற்று கிடையாது. பல்லைக் கறையாக்கும் அளவு புளோரைடு இருந்தாலும், குழந்தைக்கு ஆகாத அளவு நைட்ரேட் இருந்தாலும், வருடக்கணக்கில் குடித்தால் புற்றுநோய் தரக்கூடிய ஆர்சனிக் இருந்தாலும் டாஃப்னியா 48 மணி நேரம் ஜாலியாக நீந்திக்கொண்டிருக்கும். ஆகவே ‘உயிரி பிழைத்தது, தண்ணீர் நல்லது’ என்று எழுதக்கூடாது. மறுபுறமும் பாருங்கள். குளோர்பைரிபாஸுக்குக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், டாஃப்னியா அதில் முப்பதில் ஒரு பங்குக்கே முடங்கிவிடும். அதனால் ‘உயிரி செத்தது, மனிதனும் சாவான்’ என்றும் எழுதக்கூடாது. அந்தக் கிணற்றுக்குள் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது, வழி திறந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். வெடிப்புப் பாறையில் வழி திறந்திருக்கிறது என்பதே பெரிய தகவல். இன்று அதில் வருவது சிறிய அளவு மருந்து. நாளை வேறு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

வெளிநாடுகளிலும் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கழிவுநீரோடு நிற்கின்றன. அமெரிக்கா 1995இல் கழிவுநீரின் முழு நச்சுத்தன்மையை அளக்கும் முறைகளை விதியாக்கியது. ஜெர்மனியில் 2005 முதல் கழிவுநீருக்கு மீன் முட்டைச் சோதனை. சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீர் ஆதாரத்தில் சேர்க்கும் கலிபோர்னியா, 2018இல் திருத்திய கொள்கையில் செல்களை வைத்துச் செய்யும் சோதனையைச் சேர்த்தது. கிணற்றுக்கு யாரும் செய்யவில்லையே, நாம் ஏன் முந்த வேண்டும் என்று உங்கள் கோப்பில் ஒரு குறிப்பு வரும். வரட்டும். அந்த ஊர்களில் பாதிப் பேர் தெருப் போரில் குடம் பிடிப்பதில்லை என்று அதன் கீழே எழுதுங்கள்.

ஆள் எங்கே என்பீர்கள். மதுரையில் விலங்கியல் துறையும் நுண்ணுயிரியல் துறையும் உள்ள கல்லூரிகளுக்குப் பஞ்சமா? அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா என்று நகருக்குள்ளேயே வரிசையாக இருக்கின்றன, பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் எங்கிருந்தோ எடுத்த தலைப்பில் ஆய்வேடு எழுதி அலமாரியில் அடுக்குகிறார்கள். உயிரிகளை வளர்க்கும் வேலையையும் முதல் கட்டச் சோதனையையும் அவர்களிடம் கொடுக்கலாம். ஒரே மாதிரியை இரண்டு கல்லூரிகளுக்குப் பெயர் தெரியாமல் அனுப்பினால் யார் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். குற்றவாளியைத் தேடும் இரண்டாம் கட்டமும் சட்ட நடவடிக்கைக்கான சோதனையும் வாரியத்தின் ஆய்வகத்திடமே இருக்கட்டும். இல்லையென்றால் நீதிமன்றத்தில் நிற்காது.

பள்ளிகளுக்கு இதைவிட எளிய ஒன்று இருக்கிறது, வெங்காயம். 1938இல் லெவான் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் தொடங்கி வைத்த முறை. வெங்காயத்தின் அடி மட்டும் தண்ணீரில் படும்படி வைத்து மூன்று நாளில் வேர் எவ்வளவு நீண்டது என்று அளப்பார்கள். நல்ல நீரில் வைத்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஸ்கேலிலேயே தெரியும். வேர் நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம் உடைந்திருக்கிறதா என்பது வரைக்கும் பார்க்கலாம். இதை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பழக்குகிறார்கள் அல்லவா, அவர்கள் கையில் நாலு வெங்காயத்தையும் கொடுத்தால், எந்தக் கிணற்றை நீங்கள் முதலில் வந்து பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

முடிவுகளை வெளியிடுவதில்தான் எனக்கு உங்கள் மேல் சந்தேகம். கோபிக்காதீர்கள். தண்ணீர்க் கணக்கு இணையத்தில் இருக்கிறது என்பீர்கள், இருக்கிறதுதான். ஆங்கிலத்தில், குறியீட்டு எண்ணில், எந்தத் தெருக் கிணறு என்று தெரியாமல். கிணற்றுச் சொந்தக்காரருக்கும் ஊராட்சிக்கும் தமிழில் ஒரு தாள் போக வேண்டும். எந்த உயிரிகள், எத்தனையில் எத்தனை முடங்கின, உப்பால் ஆனதா இல்லையா, மறுபடி எப்போது வந்து எடுப்பீர்கள், அதுவரை அந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற ஐந்து விவரம் போதும். முதல் தடவை முடங்கியதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுத்துப் பாருங்கள். மறுபடியும் முடங்கினால் மட்டும் பயமுறுத்துங்கள், தாராளமாக.

கடைசியாக, எப்போது எடுப்பது என்பது பற்றி. ஒரு தடவை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில். மழை எதையெல்லாம் கழுவி உள்ளே இறக்கியது என்று அப்போது தெரியும். இன்னொரு தடவை கோடையில், மட்டம் இறங்கி எல்லாம் செறிவாக இருக்கும்போது. ஆற்றங்கரைக் கிணறுகளுக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையைத் திறப்பார்கள். கோடை மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். திறந்தபின் எடுத்தால் ஆற்றுத் தண்ணீர் இறங்கிக் கலந்திருக்கும், அந்தக் கணக்கு கிணற்றுக் கணக்காக இருக்காது. வரும் தை மாதத்துக்குள் பத்துக் கிணறுகளில் தொடங்க முடியுமா என்று மட்டும் பதில் எழுதுங்கள். எந்தப் பத்து என்று கேட்டால் வெள்ளக்கல்லில் தொடங்கிப் பட்டியல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை